கேன்டீனா, கச்சேரியா?

கேள்வி: ராகம், தாளம் எதுவும் தெரியாத நான் மார்கழிக் கச்சேரிக்குப் போய் என்ன பயன்? கேன்டீனோடு திரும்பிவிடலாமா? (வாசகி, குரோம்பேட்டை)

பதில்: கேன்டீனுக்குத் தாராளமாகப் போங்கள், ஆனால் தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டு நின்று மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி, ஆரம்பித்ததும் எழுந்து போகாதீர்கள், பாவம், மிருதங்கக்காரர் அதற்காகத்தான் அவ்வளவு நேரம் காத்திருக்கிறார். பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாது, அங்கே ஆரம்பியுங்கள். பக்கத்து சீட் மாமியின் கையைப் பாருங்கள்: ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல், அப்புறம் தட்டு, வீச்சு, மறுபடி தட்டு, வீச்சு. மொத்தம் 8 எண்ணிக்கை, அதுதான் ஆதி தாளம். பாடகர் ஸ்வரத்தில் எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பாட்டு எடுத்த அதே இடத்தில் கச்சிதமாக வந்து இறங்கும்போது உங்களையும் அறியாமல் ஒரு ‘ஆஹா’ வரும் பாருங்கள், பயன் அதுதான். நான் இன்னமும் பாதி ராகங்களைத் தப்பாகத்தான் சொல்கிறேன். போனை மட்டும் அணைத்துவிடுங்கள்.