சர்வர் இரைச்சலும் வீட்டு அலுவலகமும்: கேள்வி பதில்

தொடங்குமுன் ஒன்று. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். ஃபேனா, டிஸ்க்கா, பவர் சப்ளையா? வெறும் "சத்தமாக இருக்கிறது" என்று எழுதினால் நானும் "அப்படியா" என்றுதான் எழுத முடியும்.

கேள்வி: பழைய 1யூ சர்வர் வாங்கினேன். மேசைக்குப் பக்கத்தில் வைத்தால் போனில் பேச முடியவில்லை. இவ்வளவு சின்னப் பெட்டிக்கு ஏன் இத்தனை இரைச்சல்?

பதில்: சின்னப் பெட்டி என்பதால்தான். 'யூ' என்பது சர்வர்ப் பெட்டிகளின் உயர அளவு, 1யூ என்றால் 44 மி.மீ. சொச்சம். 40 மி.மீ. ஃபேனுக்கு மேல் அதில் நுழையாது. அந்தக் குட்டி ஃபேன் தேவையான காற்றைத் தள்ள வேண்டுமானால் நிமிடத்துக்கு 10,000 சுற்றைத் தாண்டியாக வேண்டும். டேட்டா சென்டரில் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து வேலை பார்ப்பதில்லை, அதனால் வடிவமைத்தவர்களுக்கும் கவலையில்லை.

ஒரு கணக்கு மட்டும் மனதில் வையுங்கள். ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத்தான் கேட்கும். அதே மாதிரி இன்னொரு ஃபேனைச் சேர்த்தால் கூடுவது 3 டெசிபல்தான். அதாவது பாதி வேகத்தில் இரண்டு ஃபேன் ஓடினால் ஏறக்குறைய அதே காற்று, 12 டெசிபல் குறைவாக. பெரிய ஃபேன் என்றால் இன்னும் நல்லது. ஆகவே 1யூவோடு மல்லுக்கட்டாமல், 120 மி.மீ. ஃபேன் பிடிக்கும் 4யூ பெட்டிக்கு மாறப் பாருங்கள். மதர்போர்டின் அளவு பொதுவானதா, அந்த நிறுவனத்துக்கே உரியதா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது வகை வேறு பெட்டியில் உட்காராது.

கேள்வி: அமைதியான ஃபேன் போட்டேன். கொஞ்ச நேரம் மெதுவாகச் சுற்றுகிறது, திடீரென்று எல்லா ஃபேனும் முழு வேகத்தில் அலறுகின்றன, மறுபடி அடங்குகின்றன. ஃபேன் பழுதா?

பதில்: ஃபேன் நன்றாக இருக்கிறது. போர்டில் உள்ள பி.எம்.சி. என்கிற கண்காணிப்புச் சிப்புக்கு ஒரு குறைந்தபட்ச வேகம் சொல்லப்பட்டிருக்கும். புது ஃபேன் அதற்குக் கீழே போனதும் "ஃபேன் செத்துவிட்டது" என்று எண்ணி மற்றவற்றை விரட்டுகிறது. அந்தச் சிப்போடு பேசும் ஐ.பி.எம்.ஐ. மென்பொருளால் அந்தக் கீழ் எல்லையை இறக்குங்கள். சில போர்டுகளில் மறுதொடக்கத்தில் பழைய எண் திரும்பிவிடும், சரிபாருங்கள்.

கேள்வி: சர்வரை மர அலமாரிக்குள் வைத்து, உள்ளே ஃபோம் ஒட்டிக் கதவை மூடலாமா?

பதில்: கூடாது. 300 வாட் சர்வர் என்றால் 300 வாட் ஹீட்டர்தான். உள்ளே போகும் காற்று 10 டிகிரி மட்டும் சூடாகி வெளியேற வேண்டுமானால் நொடிக்கு ஏறக்குறைய 25 லிட்டர் காற்று வேண்டும். மூடிய அலமாரியில் அது எங்கிருந்து வரும்? சூடு ஏற ஏற ஃபேன் வேகம் பிடிக்கும், சத்தமும் கூடும். அலமாரிதான் வேண்டுமென்றால் காற்று உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி, இரண்டையும் ஃபோம் ஒட்டிய வளைந்த குழாயாகச் செய்யுங்கள். காற்று வளைந்து போய்விடும், கீச்சொலி குழாய்ச் சுவரில் மோதி அடங்கும்.

கேள்வி: இரவில் "ம்ம்ம்" என்று ஒரு முனகல். மேசையே அதிர்கிறது.

பதில்: ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120 அதிர்வு, மேசைப் பலகை அதைப் பெருக்கிக் காட்டுகிறது. டிஸ்க்குக்கு ரப்பர் வளையம், பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர். ஃபோம் இதற்கு உதவாது.

கேள்வி: பீரோவுக்குள் வைத்தால்?

பதில்: அலமாரிக்குச் சொன்னதுதான்.

கேள்வி: பவர் சப்ளை ஃபேன்தான் கத்துகிறது. திறந்து மாற்றட்டுமா?

பதில்: திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கேள்வி: சூடு, சூடு என்று நீங்கள் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள். நான் எல்லா ஃபேனையும் அமைதியானதாக மாற்றி ஆறு மாதமாகிறது. சிபியு 62 டிகிரி. ஒரு குறையும் இல்லை.

பதில்: சிபியுவைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே. அதற்கு சென்சார் இருக்கிறது, சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டிஸ்க்குகளைச் சர்வரோடு இணைக்கும் டிஸ்க் கன்ட்ரோலர் கார்டு வைத்திருக்கிறீர்களா? அந்த வகைக் கார்டுகள் பலவற்றுக்கு நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று மேலே ஓட வேண்டும். இல்லையென்றால் சத்தமில்லாமல் வெந்து, ஒரு நாள் டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

கேள்வி (அவரே): கார்டு இருக்கிறது. சும்மா சொல்லாதீர்கள், இதுவரை ஒரு டிஸ்க்கும் காணாமல் போகவில்லை.

பதில்: சந்தோஷம். கார்டின் சூட்டை அளந்தீர்களா?

கேள்வி: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். படிக்கட்டுக்கு அடியில் உள்ள அலமாரி...

பதில்: காற்று உள்ளே, காற்று வெளியே. மூன்றாவது தடவை சொல்கிறேன். முடிந்தால் சர்வரையே வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், வீட்டில் அதற்கு மேல் தேவைப்படாது. இதை முதல் கேள்விக்கே சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி (62 டிகிரிக்காரர்): லேசர் தெர்மோமீட்டரால் இப்போதுதான் அளந்தேன். கார்டின் ஹீட்சிங்க் (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் துண்டு) 41 டிகிரி. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

பதில்: ஹீட்சிங்க் பளபளக்கும் அலுமினியமா? அப்படியென்றால் அந்தக் கருவி பொய் சொல்லும், பளபளப்பான உலோகத்தில் குறைத்தே காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, ஐந்து நிமிடம் விட்டு, டேப்பின் மேல் அளந்துவிட்டு வாருங்கள்.