நீரோட்ட டைவுக்கு எந்த மிதவை, அதை எப்படி மேலே விடுவது?

மாலத்தீவில் கடலுக்கடியில் நீரோட்டத்தோடு போகும் டைவுக்கு எந்த அடையாள மிதவை (டைவர் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்ட, காற்று நிரப்பிக் கயிற்றோடு மேலே விடும் குழாய்) வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். 1 மீட்டர் மிதவை பாக்கெட்டில் அடங்கும். ஆனால் அலை எழும்பினால் படகோட்டியின் கண்ணில் படாது. முடிந்தால் 1.8 மீட்டர் உயரத்தில், ஆரஞ்சு நிறத்தில், மிகையழுத்த வால்வோடு (காற்று அதிகமானால் தானே வெளியேற்றுவது) வாங்குங்கள். கயிற்றுக்குக் கைப்பிடி வைத்த ரீல் வேண்டாம், கயிறு சுற்றிய சாதாரண ஸ்பூல் (உருளை) போதும். இறுகி நின்றுவிட அதில் சுழலும் பாகங்கள் இல்லை.

சரி, விடுவது எப்படி? பலர் தேவைக்கு மேல் ஊதிவிடுகிறார்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. அங்கே பாதி நிரப்பினாலே மேலே போகும்போது காற்று விரிந்து முழுதாகிவிடும். முதலில் அண்ணாந்து பாருங்கள், மேலே படகோ ஆளோ இருக்கக் கூடாது. ஸ்பூலை உடம்பில் மாட்டிவைக்கவே வைக்காதீர்கள். கயிறு சிக்கினால் அந்த நொடியே கையை விட்டுவிடுங்கள், மிதவை போனால் போகட்டும். மூச்சைப் பிடித்தபடி சட்டென்று மேலே இழுக்கப்பட்டால் நுரையீரல் கிழிந்துவிடும், உயிருக்கே ஆபத்து.

அப்புறம், மிதவை மேலே போனதும் கயிற்றை விறைப்பாகப் பிடித்திருங்கள். தொய்ந்தால் அது தண்ணீரில் படுத்துவிடும், தூரத்திலிருந்து தெரியாது. கடலுக்குப் போகுமுன் நீச்சல் குளத்தில் நாலைந்து தடவை விட்டுப் பழகிவிடுங்கள்.