தோட்டம் இருந்தும் பொண்ணு ஏன் அமையல? – சமூகவியல் கேள்வி பதில்

கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில், கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்து அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சிலவற்றுக்கு நீளமாகவே சொல்ல வேண்டியிருந்தது.

கேள்வி (கோபி, முதலாண்டு மாணவர்): ஐயா, பி.ஏ. சமூகவியல்ல சேர்ந்திருக்கேனுங்க. "சமூக சேவைப் படிப்பா?"ன்னுதான் எல்லாரும் கேக்கறாங்க. என்னன்னு சொல்றதுங்க?

பதில்: சேவை வேறு, இது வேறு தம்பி. மனிதர்கள் கூடி வாழும்போது அவர்களுக்குள் என்னென்ன ஒழுங்குகள் உண்டாகின்றன, அவை யாருக்குச் சாதகம், எப்போது மாறுகின்றன என்று ஆதாரத்தோடு ஆராய்வது சமூகவியல். 1830களின் கடைசியில் பிரான்சின் ஒகுஸ்த் கோம்த் இதற்குப் பெயர் வைத்தார். ஆனால் முதல் வகுப்பில் நான் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைமைத்தான் சொல்வேன். 1897இல் அவர் தற்கொலை பற்றிய ஆய்வை வெளியிட்டார். அதைவிடத் தனிப்பட்ட முடிவு ஒன்று உண்டா? அவரோ ஐரோப்பிய நாடுகளின் இறப்புக் கணக்குகளை எடுத்துவைத்து ஒப்பிட்டார். ஒரு நாட்டுக்குள் விகிதம் வருடா வருடம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. நாட்டுக்கு நாடுதான் பெரிதாக வேறுபட்டது. கத்தோலிக்கரைவிடப் புராட்டஸ்டன்டுகளிடம் அதிகம், மணமானவர்களைவிட மணமாகாதவர்களிடம் அதிகம். அவரவர் மனசு மட்டும்தான் காரணம் என்றால் எண்கள் இப்படி வரிசைப்பட்டு நிற்காது. அவருடைய புள்ளிவிவரங்களைப் பிற்காலத்தவர் நிறையவே விமர்சித்தார்கள். அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் இன்றைக்கும் மதிப்புக் குறையவில்லை.

கேள்வி (காங்கேயம், ஒரு தாய்): பையனுக்கு 34 ஆச்சுங்க. தோட்டம், கிணறு, வீடு எல்லாம் இருக்கு. பொண்ணு அமைய மாட்டேங்குது. பரிகாரமும் பண்ணிப் பாத்தாச்சு. எங்க நேரமா, அவன்கிட்ட ஏதாவது குறையாங்க?

பதில்: அம்மா, உங்கள் பையனிடம் குறை தேட வேண்டாம். சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1959இல் ஒன்றைத் தெளிவாக எழுதிவைத்தார். ஊரில் ஒருத்தருக்கு வேலை இல்லை என்றால் அவரைப் பார். லட்சக்கணக்கானோருக்கு இல்லை என்றால் நாட்டைப் பார் என்பது அதன் சாரம். தாராபுரம், வெள்ளகோவில், பெருந்துறை, சத்தி என்று எங்கே போனாலும் இதே பேச்சு இருக்கும்போது, ஒரு ஜாதகத்தில் காரணம் கிடைக்காது.

நான் பார்க்கும் காரணங்கள் பல. ஒன்றோடொன்று பின்னியவை. கொங்கில் குடும்பங்கள் சீக்கிரமே சுருங்கின. நிலம் பிரியக் கூடாது, ஒரு பிள்ளை போதும் என்ற கணக்கு. அந்த ஒன்று பையனாக இருக்க வேண்டும் என்ற ஆசையும் கூடவே வந்தது. 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். வேண்டாமென்று நினைக்கும் பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்கச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் அதே சேலத்தில்தான் தொடங்கப்பட்டது. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. அன்றைக்குப் பிறக்க விடாத பெண் குழந்தைகளுக்கு இன்று கல்யாண வயது. இதைச் சொல்ல எனக்கு வலிக்கிறது. சொல்லாமல் உங்கள் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தர முடியாது.

அடுத்தது, பெண்கள் படித்தார்கள். தோட்டம் வைத்திருக்கும் அப்பாவே தன் மகளைத் தோட்டத்துக்குக் கொடுக்க யோசிக்கிறார். விடிகாலைப் பால் கறவையும் பண்ணையமும் தான் பட்டது போதும் என்று அம்மாவும் நினைக்கிறார். அதே வீட்டில் மகனுக்குப் பெண் தேடும்போது நிலைமை தலைகீழ். இதற்கு மேல், ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், கட்டக் கூடாது, சாதிக்கு வெளியேயும் கட்டக் கூடாது. மிச்சமிருப்பவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே பாருங்கள்.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். பாலக்காட்டுப் பக்கமிருந்து பெண் எடுக்கும் வீடுகள் இப்போது நிறைய. அங்கே சாதியைத் துருவித் துருவிக் கேட்பதில்லை. பக்கத்துத் தெருவில், வேறு சாதியில், உங்கள் பையனை விரும்பும் பெண் இருந்தால் அதே உறவுகள் அரிவாளைத் தேடுகிறார்கள். தொலைவில் வளையும் விதி பக்கத்தில் ஏன் வளைவதில்லை? சாதிக்கு உள்ளூரில் காக்க வேண்டிய நிலமும் கௌரவமும் இருக்கின்றன என்பது என் பதில்.

கேள்வி (திருப்பூர், செக்கிங் வேலை பார்ப்பவர்): வடக்கத்திக்காரங்க வந்து எங்க பொழப்பைக் கெடுத்துட்டாங்க. உண்மைதானுங்களே?

பதில்: கூலி ஏறாமல் நிற்கிறது என்ற உங்கள் வருத்தம் உண்மை. காரணத்தைச் சற்றுத் தள்ளிப் பாருங்கள். 1930களில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வந்து கோவையில் மில்கள் பெருகியபோது சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆள் வந்தது. பனியன் தொழில் வளர்ந்தபோது மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வந்தார்கள். இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். ஒவ்வொரு அலையிலும் முன்னால் வந்தவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் மேல் கோபம். தங்குமிடத்திலேயே இருப்பவரை எந்த நேரமும் ஓவர்டைமுக்குக் கூப்பிடலாம். காண்ட்ராக்டர் வழியாக வந்தவர் பி.எஃப். கேட்க மாட்டார். இந்த ஏற்பாட்டில் யாருக்கு லாபம் என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

ஷரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூர் முதலாளிகளைப் பற்றி எழுதி 2004இல் வெளியிட்டார். தொழிலாளியாகத் தொடங்கி முதலாளியானவர்கள் அங்கே நிறைய; தங்கள் உழைப்பால் வந்தோம் என்பார்கள். உழைத்தது பொய்யல்ல. கூடவே கடன் கொடுக்கச் சொந்தக்காரர், ஜாப் ஒர்க் கொடுக்க மாமன் மச்சான் என்று ஒரு வலையும் இருந்தது. அதே அளவு உழைத்த தலித் தொழிலாளிக்கு அந்த வலை வாய்க்கவில்லை.

கேள்வி (பல்லடம்): இப்பெல்லாம் சாதி எங்கீங்க, எல்லாம் பணம்தானுங்களே?

பதில்: உங்கள் ஊரில் தலித் மக்கள் வாழும் காலனி தனியாக இருக்கிறதா, இல்லையா? பணமும் மதிப்பும் இரண்டு தனித்தனி அடுக்குகள் என்று ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் பிரித்துக் காட்டினார். கார் வாங்கிய பிறகும் காலனியிலிருந்து வந்தவருக்குத் தோட்டத்து வீட்டில் எதுவரை அனுமதி என்று பாருங்கள்.

கேள்வி (பெருந்துறை): மொய் எழுதற பழக்கத்தை விட்டுட்டா என்னங்க?

பதில்: துர்கைமின் சகோதரி மகன் மார்செல் மோஸ் 1925இல் கொடையைப் பற்றி எழுதினார். கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிச் செய்வது, மூன்றும் கடமை; உறவு அதனால்தான் அறுந்துபோகாமல் தொடர்கிறது என்றார். மொய் நோட்டைப் பத்திரமாக வைத்திருப்பதன் பொருள் அதுதான். வந்ததைவிடக் கொஞ்சம் கூட்டிச் செய்தால் கணக்கு முடியாது, போக்குவரத்தும் நிற்காது. பத்திரிகையில் "மொய் தவிர்க்கவும்" என்று அச்சடிக்க வசதியுள்ளவர்களால் முடியும். கல்யாணக் கடனை அடைக்க மொய்யையே நம்பியிருக்கும் வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. நிறுத்துவதற்கு முன் அவர்களை நினையுங்கள்.

கேள்வி (அவிநாசி, முதுகலை மாணவி): நான் அருந்ததியர் சமூகத்துப் பொண்ணுங்க ஐயா. சொந்த ஊரிலேயே ஆய்வு பண்ணலாமுங்களா? ஊருக்குள்ள எப்படிப் பேச்சைத் தொடங்கறது?

பதில்: தாராளமாகப் பண்ணம்மா. 1960களில் பிரெண்டா பெக் என்ற பெண் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, கொங்கில் சாதிகள் வலங்கை, இடங்கை என்று இரண்டு அணிகளாகப் பிரிந்திருந்ததை ஆராய்ந்தார். 1948இல் எம்.என். சீனிவாஸ் மைசூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஊர்த்தலைவரின் மாட்டுக் கொட்டகை வீட்டில் தங்கி ஆய்வு செய்தார். எண்ணிக்கையும் நிலமும் அதிகாரமும் ஒரே சாதியிடம் சேர்வதை 'ஆதிக்கச் சாதி' என்று அடையாளம் காட்டியவர் அவர். ஆனால் எந்த வீட்டில் தங்குகிறோமோ அந்த வீட்டு வாசலிலிருந்துதான் ஊர் தெரியும். காலனியிலிருந்து தெரியும் கொங்கைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. நீ எழுது.

தேநீர்க்கடைத் தம்ளர், முடிதிருத்தகம், கோயில் நோம்பி (திருவிழா), சுடுகாட்டுப் பாதை என்று கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தொடங்கு. நேராகச் சாதி பற்றிக் கேட்காதே, "தண்ணி எங்கே எடுப்பீங்க?" என்று கேள். பேசியவர்களின் பெயரையும் ஊரின் பெயரையும் மாற்றிவிடு. நீ ஊரைவிட்டுப் போன பிறகும் அவர்கள் அங்கேதான் வாழ வேண்டும். தோட்டத்து வீடுகளுக்குத் தனியாகப் போகாதே, கூட ஒரு தோழியை அழைத்துப் போ.

கேள்வி (அதே மாணவி): எத்தனை பேர்கிட்ட கேட்டா போதுமுங்க?

பதில்: எண்ணிக்கையைவிட யார் விடுபட்டார்கள் என்பது முக்கியம். பகல் 11 மணிக்குப் போனால் வயசானவர்கள் மட்டும் கிடைப்பார்கள். பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் போகிறவர்கள் இரவு ஷிப்ட் முடிந்து தூங்கி எழும் நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் பார்த்துப் போ.