பங்குலாபமாக ஜாதிபத்திரி

ஐயா, வணக்கம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். மிளகு வாங்க வந்தவர்கள், ஆசை முற்றிப்போய் நாடு பிடிக்க ஆரம்பித்தார்கள் என்கிறார் என் நண்பர். வியாபாரம் எந்த இடத்தில் ஆட்சியாக மாறியது?
– க., மதுரை

அன்புள்ள க.,

மாறவே இல்லை என்பேன். 1602 மார்ச்சில் கிடைத்த சாசனத்தைப் பாருங்கள். நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே 21 வருடத்துக்கு வேறு எந்த டச்சுக்காரரும் வியாபாரம் செய்யக்கூடாது. கம்பெனி கோட்டை கட்டலாம், சிப்பாய் வைக்கலாம், அங்குள்ள அரசர்களோடு ஒப்பந்தம் போடலாம். கடை திறக்கும்போதே பீரங்கிக்கும் லைசென்ஸ்.

எனக்குச் சுவாரசியம் பணம் சேர்த்த விதத்தில்தான். ஆம்ஸ்டர்டாமில் இயக்குநர் ஒருவரின் வீட்டில் பேரேட்டைத் திறந்துவைத்துப் பங்கு எழுதினார்கள். அந்த வீட்டு வேலைக்காரப் பெண்கூட 100 கில்டர் போட்டாள். ஆறு ஊர்க் கிளைகளிலும் சேர்ந்தது சுமார் 64 லட்சம் கில்டர். அதற்கு முன்பெல்லாம் கப்பல் திரும்பியதும் சரக்கை விற்றுப் பங்கு பிரித்துவிடுவார்கள். இங்கே பத்து வருடத்தில் கணக்கு முடிக்க வேண்டும் என்று விதி இருந்தும் 1612இல் முடிக்கவில்லை. பணம் வேண்டுமா, உன் பங்கை வேறு யாருக்காவது விற்றுக்கொள், அவ்வளவுதான். திருப்பித் தர வேண்டாத பணம் கையில் இருந்தால் கோட்டை கட்டிவிட்டுக் காத்திருக்கலாம், இல்லையா?

பங்குலாபம் 1610இல்தான் முதலில் வந்தது. அதுவும் பெரும்பகுதி காசாக இல்லை, ஜாதிபத்திரியாக! பங்குதாரர்கள் மூட்டையோடு சந்தைக்குப் போயிருப்பார்கள்.

அந்த ஜாதிபத்திரி விளைந்தது இன்றைய இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில். விளைச்சல் முழுவதையும் தனக்கே விற்க வேண்டும் என்றது கம்பெனி. தீவுக்காரர்கள் மற்றவர்களுக்கும் விற்றார்கள். 1621இல் கவர்னர் ஜெனரல் கூன் படையோடு போனார். சுமார் 15,000 பேர் இருந்த இடத்தில் மிஞ்சியவர்கள் ஆயிரம் பேர் அளவில்தான். தோட்டங்களில் வேலை செய்ய அடிமைகளை இறக்கினார்கள்.

நம் கரைக்கு வந்த கதையும் இதில்தான் இருக்கிறது. அந்தத் தீவுகளில் வெள்ளியைவிடச் சோழமண்டலக் கரைத் துணிக்குத்தான் மவுசு. பழவேற்காட்டில் கோட்டை எழும்பியது அதற்காக. அப்புறம் அங்கிருந்து துணியோடு அடிமைகளும் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேறினார்கள். சென்னைப் பக்கம் வந்தால் பழவேற்காட்டில் அரை நாள் இருந்துவிட்டுப் போங்கள். டச்சுக் கல்லறையின் வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.