பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் காலியிடம்: மாணவர் பட்டறையை எப்படி நடத்துவது?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இடைநிலைப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளி விடுமுறையில் நான்காம் படிவ மாணவர்களுக்கு இரண்டு நாள் பட்டறை நடத்தி, பேருந்து நிலையத்தை ஒட்டிய காலியிடத்தைச் சுற்றுச்சூழலுக்கு உகந்த பொதுவெளியாக வடிவமைக்கச் சொல்ல எண்ணுகிறோம். அது சுவரொட்டிப் போட்டியாக முடிந்துவிடாமலிருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதல் நாள் மாணவர் கையில் வண்ணப் பென்சிலைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால், அந்த இடத்தின் உண்மையான குறை தெரிவதற்கு முன்பே தாளில் நீரூற்றுகள் முளைத்துவிடும். அளவுநாடா, சுண்ணக்கட்டி, குறிப்பேடு ஆகியவை போதும்.

காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளையும் யார் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று மாணவர்கள் எண்ணிக் குறிக்கட்டும். கோப்பன்ஹேகனின் ஸ்ட்ரோயெட் கடைவீதி 1962இல் நடப்போருக்கென ஒதுக்கப்பட்டபின், கட்டடக் கலைஞர் யான் கெல் அங்கு மக்கள் நடமாட்டத்தை இவ்வாறே எண்ணி ஆராய்ந்தார். ஆனால் குளிர்நாட்டில் மக்கள் தேடுவது வெயிலை. நம்மவர் தேடுவது நிழலை.

நிழலுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 முதல் கிழக்கே உள்ள சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாக ஓடுவதால், சுங்கை சிப்புட்டில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஏறத்தாழ 1.15 ஆகிவிடுகிறது. மாலை 5 மணிக்கும் வெயில் மேற்கில் ஏறத்தாழ 35 பாகை உயரத்தில் நிற்பதால், 3 மீட்டர் உயரக் கூரையின் நிழல் 4 மீட்டருக்கு மேல் கிழக்கே தள்ளி விழுகிறது. பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் கூரைக்குக் கீழே அமர்ந்தும் வெயிலில் வாடுவது இதனால்தான். மணிக்கொருமுறை நிழலின் விளிம்பைத் தரையில் குறித்துவந்தால், இருக்கை எங்கே வேண்டும், மேற்குப் பக்கத்தில் மரம் எவ்வளவு தொலைவில் வேண்டும் என்பதை மாணவர்களே கண்டுகொள்வார்கள்.

அடுத்தது மழைநீர். 200 சதுர மீட்டர் பரப்பில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் நீர் சேரும்; இந்தக் கணக்கை மாணவர்களே போடட்டும். நீர்ப்பாசன வடிகால் துறை 2000இல் வெளியிட்ட நகர்ப்புற மழைநீர்க் கையேடு, நீரை அவசரமாக வெளியேற்றுவதைவிட, விழுந்த இடத்திலேயே அதன் வேகத்தைத் தணிப்பதை வலியுறுத்துகிறது. சிமெண்டுத் தரைக்குப் பதில் புல் வளர்ந்த ஆழமற்ற பள்ளம் அதற்கு உதவும். ஆனால் நீர் ஓரிரு நாள்களில் வடிந்தாக வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரம் அளவே போதும். (பட்டறைகளில் தவறாமல் இடம்பெறும் நெகிழிப் புட்டிப் பூச்சாடிகளை நான் பரிந்துரைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.)

தோட்டங்களை விட்டு நகர வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த முதியவர்கள் சிலரையும் அழையுங்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) வாழ்ந்தபோது மாலையில் எங்கே கூடினார்கள், ஏன் அங்கே கூடினார்கள் என்று மாணவர்கள் கேட்கட்டும். கோயில் முன்னிருந்த மரத்தடியும் திடலின் ஓரமும் ஏன் அவர்களை ஈர்த்தன என்பதற்கான விடை, எந்தப் பாடநூலையும்விட மாணவர்களுக்குப் பயன்படும்.

இரண்டாம் நாள், பள்ளி நீளிருக்கைகளையும் கயிற்றையும் கொண்டு வடிவமைப்பை அந்த இடத்திலேயே உண்மை அளவில் அமைத்துப் பாருங்கள். அதில் சக்கர நாற்காலியும் சென்றுவர வேண்டும்: 1-க்கு 12 என்ற சரிவில், 15 சென்டிமீட்டர் படிக்கு 1.8 மீட்டர் நீளச் சரிவுப்பாதை தேவை. பெரும்பாலான அழகிய வரைபடங்கள் இங்கேதான் தடுமாறும்.

இவை அனைத்திற்கும் முன்பே நகராண்மைக் கழகத்திடம் எழுத்துமூல அனுமதி பெற்று, அதன் அதிகாரி ஒருவரை இரண்டாம் நாள் மாலை 5 மணிக்கே அழையுங்கள். மலாய்மொழியில் இரண்டு பக்க அறிக்கை போதும். அதில் மரத்துக்கு முதல் ஆண்டில் யார் நீரூற்றுவார், வடிகாலை யார் சுத்தம் செய்வார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அதிகாரி முதலில் கேட்கப்போவது அதைத்தான்.