கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பின் பாதத்தைத் தூக்க முடியவில்லையா?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது, நீண்ட நாளாகச் சர்க்கரை நோய் உண்டு. இரண்டு வாரத்துக்கு முன் லேப்ராஸ்கோப்பி மூலம் கர்ப்பப்பையை எடுத்தார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்றிலிருந்து வலது பாதத்தைத் தூக்க முடியவில்லை, செருப்பு நழுவுகிறது. ஆபரேஷன் என்றால் அப்படித்தான் என்கிறார்கள். அடுத்த மாதம் அப்பாவுக்கு முதுகுத்தண்டு ஆபரேஷன். பயமாக இருக்கிறது.

பதில்: அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். இந்த வாரமே அம்மாவை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு காலும் பலமிழந்தாலோ சிறுநீர், மலம் போவதில் சிக்கல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கர்ப்பப்பை ஆபரேஷனில் கால்களை விரித்துத் தூக்கித் தாங்கிகளில் வைப்பார்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் ஓர் எலும்பு முண்டு கைக்குத் தட்டுப்படும். பாதத்தை மேலே தூக்க உதவும் நரம்பு அதைச் சுற்றித்தான் போகிறது, தோலுக்கு மிக அருகில். அந்த இடம் தாங்கியில் மணிக்கணக்கில் அழுந்தினால் நரம்புக்கு ரத்த ஓட்டம் குறையும். தூக்கத்தில் கை மரத்தால் நாமே புரண்டு படுப்போம். மயக்கத்தில் அந்த எச்சரிக்கை கிடைக்காது. அதனால்தான் மெத்தைத் துணி வைப்பதும், நீண்ட ஆபரேஷனில் இடையிடையே கால்களைச் சரிபார்ப்பதும் அவசியம். சர்க்கரையால் ஏற்கெனவே நலிந்த நரம்பு கவனமாகப் படுக்க வைத்தாலும் பாதிக்கப்படலாம். ஆகவே கடிதத்தை மட்டும் படித்துவிட்டு யார் மீதும் நான் தவறு சொல்ல மாட்டேன்.

நரம்புக் கடத்தல் பரிசோதனை பாதிப்பின் இடத்தையும் அளவையும் காட்டும். பாதம் தொங்காமல் இருக்க ஸ்பிளிண்ட் (தாங்கிப் பிடிக்கும் பட்டை), கூடவே பிசியோதெரபி. லேசான அழுத்தம் என்றால் சில வாரங்களில் சரியாகும். நரம்பிழை அறுந்திருந்தால் அது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், மாதங்கள் ஆகும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் புண் வந்தாலும் தெரியாது. தினமும் உள்ளங்காலைப் பாருங்கள்.

இனி அப்பா. பெரும்பாலும் குப்புறப் படுக்க வைப்பார்கள். கண்விழி மேல் அழுத்தம் விழக் கூடாது, வயிறு அழுந்தாமல் தொங்க வேண்டும், கைகளைத் தோளில் 90 டிகிரிக்கு மேல் விரிக்கக் கூடாது. இவற்றை மயக்க மருத்துவர் கவனிப்பார். ஆனால் அப்பாவின் உடம்பைப் பற்றி நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். தோள் முழுதாக உயராதா, கழுத்தைத் திருப்பினால் கை மரக்கிறதா, க்ளாக்கோமா (கண் நீர் அழுத்த நோய்) உண்டா, முழங்கால் மாற்றியிருக்கிறாரா என்று மயக்க மருத்துவப் பரிசோதனையின்போதே சொல்லுங்கள். விழித்திருக்கும்போதே அந்த நிலையில் சில நிமிடம் படுக்க வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இதைக் கேட்கத் தயங்க வேண்டியதே இல்லை. ஏற்கெனவே மரத்திருக்கும் இடங்களைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

வார்டுக்கு வந்ததும் பாதத்தைத் தூக்கி, கைவிரல்களை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். சுண்டுவிரல் மரப்பு சில நாள் கழித்தும் தெரிய வரலாம். டிஸ்சார்ஜ் ஆன பிறகு தெரிந்தாலும் அதே மருத்துவரை உடனே அழையுங்கள்.