“அண்ணா” என்று கூப்பிடுபவரிடம் “கோ அரவுண்ட்” என்று எப்படிச் சொல்வது?

வணக்கம் மேடம்,

எனக்கு 29 வயது. ஊர் உப்புவெளி. வளைகுடா நாடொன்றில் நான்கு வருடமாகத் துணை விமானியாக இருக்கிறேன், இப்போது மூன்று கிழமை லீவில் வீட்டில் நிற்கிறேன்.

என்னோடு பறக்கும் கப்டன் ஒருவர் மட்டக்களப்பு ஆள். நான் அங்கே போய் இறங்கிய புதிதில் இரண்டு மாதம் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், விமானத்துக்குள்ளும் அதுவே பழகிவிட்டது.

போன மாதம் ஒரு இரவு, இறங்கும்போது உயரமும் கூட, வேகமும் கூட. 1000 அடிக்கு வரும்போது வேகம், இறங்கும் வீதம், ஃபிளாப் (இறக்கையின் மடிப்பு) எல்லாம் சரியாகி செக்லிஸ்டும் முடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இறங்காமல் மேலே எழும்பிச் சுற்றி வர வேண்டும், அதாவது “கோ அரவுண்ட்”, என்பது எங்கள் விதி. அன்றைக்கு வேகம் 20 நொட்ஸ் அதிகம், செக்லிஸ்ட் வாசிக்கவே இல்லை. “அன்ஸ்டேபிள், கோ அரவுண்ட்” என்றேன். அவர் ஓடுபாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் திரஸ்ட் லீவரில் இருந்த வலது கையை ஒருதரம் தூக்கி, “இரு” என்பதுபோலக் காட்டினார். “சிங்க் ரேட்” (இறங்கும் வேகம் அதிகம்) என்று எச்சரிக்கும் இயந்திரக் குரல் இரண்டு தரம் வந்தது. “அண்ணா” என்று தொடங்கினேன், அதற்கு மேல் வாய் வரவில்லை. சக்கரம் நிறையத் தள்ளித்தான் தரையில் பட்டது, பிரேக்கை அழுத்தி ஒருமாதிரி நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் பஸ்ஸில் தோளில் கை போட்டு, “தம்பி, நான் 14,000 மணித்தியாலம் பறந்தவன், இதையெல்லாம் எழுதிக்கொண்டு திரியாதே” என்றார். நானும் நிறுவனத்துக்கு ரிப்போர்ட் எழுதவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் செக்லிஸ்டை முழுதாக வாசிக்கச் சொன்னதற்கு, கபின் ஆட்கள் முன்னால் “இவன் புத்தகம் பார்த்துப் பறக்கிறவன்” என்றார். அடுத்த மாதமும் அவரோடுதான் போட்டிருக்கிறார்கள்.

இரவு 3 மணிக்கு அந்த இயந்திரக் குரல் கேட்டு எழும்பிவிடுகிறேன். அம்மா நாவூறு என்று நினைத்துக் கோணேசர் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். அண்ணாவோடு ஏதோ மனத்தாங்கல் என்று மட்டும் சொன்னேன், “உப்பிட்டவரை உள்ளளவும் நினை” என்கிறார். எழுதினால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேனா?

— உப்புவெளி வாசகர்

தம்பி,

நீங்கள் ஒருதரம் சொன்னீர்கள், அதை மறந்துவிட்டுத்தான் உங்களை இவ்வளவு வதைக்கிறீர்கள். சொல்ல வேண்டிய உயரத்தில், சொல்ல வேண்டிய சொல்லைச் சொன்னீர்கள். இரண்டாம் தரம்தான் வரவில்லை. அது ஏன் வரவில்லை என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: முதல் தரம் பேசியது துணை விமானி, இரண்டாம் தரம் வாயைத் திறந்தது அந்த வீட்டில் சோறு சாப்பிட்ட தம்பி.

நான் விமானி இல்லை. ஆனால் 2010 மே 22 மங்களூரு விபத்து உங்களுக்குத் தெரிந்திருக்கும். டுபாயிலிருந்து வந்த விமானம், 166 பேரில் 158 பேர் போய்விட்டார்கள். கப்டன் வழியில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் தூங்கி எழும்பியவர், விமானம் மிக உயரமாக வந்தது, துணை விமானி மூன்று தரம் “கோ அரவுண்ட்” என்றார் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. மூன்று தரம்! ஆனால் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவில்லை. 1977இல் தெனெரிஃபில் 583 பேர் இறந்தபோதும், மற்ற விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டுப் போகவில்லையா என்று விமானப் பொறியாளர் கேட்டார், கப்டன் அழுத்தி ஒரு பதில் சொன்னதும் அடங்கிவிட்டார். அந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகுதான், மேலே இருப்பவரிடம் வாய்திறக்கும் வழியையே ஒரு பாடமாக விமானிகளுக்குப் படிப்பிக்கத் தொடங்கினார்கள். ஆகவே இது உங்கள் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். ஆனால் பழக்கினால் மாறும் விஷயம், அதனால் பழக்கத்தான் வேண்டும்.

கேட்பது, எச்சரிப்பது, நேராக மறுப்பது, கடைசியில் பொறுப்பெடுப்பது என்று உங்களுக்குப் படிப்பித்திருப்பார்களே, அதை இங்கேயே சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். விடியற்காலையில் உப்புவெளிக் கடற்கரையில் ஆளிருக்காது. “அண்ணா” வேண்டாம், “கப்டன்” என்று தொடங்குங்கள். வாய் தானாகச் சொல்லும்வரை ஐம்பது தரம், நூறு தரம். இரண்டு தரம் சொல்லியும் பதில் இல்லையென்றால் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் நிறுவனக் கையேட்டில் இருக்கும், அந்தப் பக்கத்தை இந்த லீவிலேயே எடுத்து வாசியுங்கள். அடுத்த மாதம் அவரோடு ஏறினால், புறப்படுமுன் நடக்கும் பிரீஃபிங்கிலேயே, “கப்டன், 1000 அடியில் சரியில்லை என்றால் நான் கோ அரவுண்ட் சொல்வேன், நீங்கள் விமானத்தை மேலே எழுப்புங்கள்” என்று சொல்லிவிடுங்கள். தரையில் நிதானமாக இருக்கும்போது கேட்டதை அவருக்கு மேலே தட்டிக்கழிக்கக் கஷ்டமாக இருக்கும்.

ரிப்போர்ட்டை எழுதுங்கள். பிந்திவிட்டது, பரவாயில்லை, ஏன் பிந்தியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வேகம், உயரம், சக்கரம் பட்ட இடம் எல்லாம் விமானத்திலேயே பதிவாகியிருக்கும், அதை நிறுவனத்தில் யாரோ பார்ப்பார்கள், அப்போது உங்கள் மௌனம் மட்டும்தான் தனியாக நிற்கும். அவரைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் வேண்டாம், நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். முடிந்தால் அனுப்பும் முன் அவரிடமே சொல்லிவிடுங்கள். கோபப்படுவார், சில மாதம் பேசாமலும் இருக்கலாம். அது வலிக்கும் தம்பி, வலிக்காது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவரும் களைத்துப்போன மனிதராக இருக்கலாம், இரவுப் பறப்பு அவருக்கு என்ன செய்கிறது என்று இதுவரை யாரும் கேட்காமலே இருந்திருக்கலாம். அவர் உப்பைத் தின்றவர் நீங்கள்தான், அவர் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்று நினைக்க வேண்டியவரும் நீங்கள்தான்.

தூக்கம் முக்கியம். இரண்டு கிழமைக்கு மேல் இப்படியே போனால் வேலைக்குத் திரும்புமுன் உங்கள் விமான மருத்துவரிடம் சொல்லுங்கள், பார்மசியில் தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். நிறுவனத்தில் சக விமானிகள் உதவும் குழு இருந்தால் அங்கேயும் பேசலாம்.

அம்மாவிடம் இன்றைக்கே முழுக் கதையையும் சொல்லுங்கள். மனத்தாங்கல் என்று மட்டும் சொன்னதால்தான் அவர் உப்பைப் பற்றிப் பேசுகிறார். அந்த இரவு பின்னால் இருந்தவர்களைப் பற்றியும் சொல்லுங்கள், அப்புறம் அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.